டோக்கன் வந்தால் தணிக்கை போய்விடுமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருப்பதன் சுருக்கம்: "பின்னலாடை நிறுவனங்களின் ஊழியர்களுக்கு உணவுப்படி, பயணப்படி ஆகியவற்றை ப்ரீபெய்டு கார்டில் ஏற்றித் தரும் சிறு நிறுவனத்தை நடத்துகிறோம். கார்டை வெளியிடுவது ஒரு வங்கி. செயலி, வாடிக்கையாளர் சேவை, கார்டு விநியோகம் மூன்றும் எங்கள் பொறுப்பு. சுமார் 4,000 கார்டுகள் புழக்கத்தில் உள்ளன. வங்கி இப்போது, கார்டு விவரப் பாதுகாப்புத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ்-ஐப் பின்பற்றுகிறோம் என்ற இணக்கச் சான்றுரை கேட்கிறது. ஒரு மென்பொருள் நிறுவனமோ, 'கார்டு எண்ணுக்குப் பதில் ஒரு மாற்றுக் குறியீட்டைத் தரும் எங்கள் டோக்கன் சேவையை வாங்கினால் பிசிஐ உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. ரிசர்வ் வங்கியே டோக்கனைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது' என்கிறது. கார்டு எண்ணையும் சிவிவியையும் என்கிரிப்ட் செய்துதான் வைத்திருக்கிறோம். தேடுவதற்காகக் கார்டு எண்ணின் ஹேஷ் (அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டுப் பெறும் குறியீடு) தனியாக இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே வங்கியோடு கிரெடிட் கார்டும் தொடங்க எண்ணம். எங்களிடமுள்ள, தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் போதாதா? எங்கே தொடங்குவது?"

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

பிசிஐ உங்களுக்குப் பொருந்தும். வங்கியின் கார்டு திட்டத்தை நடத்தித் தரும் நிறுவனம், கார்டு எண்ணைச் சேமித்தாலும், கடத்தினாலும், அதன் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய இடத்தில் இருந்தாலும், அந்தத் தரநிலையின் பார்வையில் அது சேவை வழங்குநரே. டோக்கன் சேவை செய்யக்கூடியது, உங்கள் கணினிகளில் எத்தனை தணிக்கை வரம்புக்குள் வருகின்றன என்பதைக் குறைப்பது. எந்த அளவுக்குக் குறையும் என்பதை அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: உங்கள் நிறுவனத்தில் யாராவது, கடவுச்சொல்லைக் கொண்டோ, என்கிரிப்ஷன் சாவியைக் கொண்டோ, ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி) அழைப்பின் மூலமோ, ஒரு டோக்கனிலிருந்து முழுக் கார்டு எண்ணைத் திரும்பப் பெற முடியுமா? முடியும் என்றால் அந்த நபர், அவர் பயன்படுத்தும் கணினி, அதோடு இணைந்த சர்வர் ஆகிய அனைத்தும் வரம்புக்குள்தான் இருக்கும், டேட்டாபேஸில் டோக்கனைத் தவிர வேறெதுவும் இல்லாவிட்டாலும்.

வங்கி கேட்பதன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசிஐ டிஎஸ்எஸ் ஒரு சட்டமன்று. 2004-இல் விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஆகியவை சேர்ந்து வெளியிட்ட தரநிலை அது. 2006 முதல் அதற்கென அமைந்த மன்றம் அதைப் பராமரிக்கிறது. கார்டு நெட்வொர்க்குகளின் விதிகள் வங்கியைக் கட்டுப்படுத்த, வங்கி தன் ஒப்பந்தத்தின் வழியே உங்களைக் கட்டுப்படுத்துகிறது. இப்போது நடப்பிலுள்ளது 2024 ஜூனில் வெளியான 4.0.1 பதிப்பு, அதில் கால அவகாசம் தரப்பட்டிருந்த புதிய விதிகள் 2025 மார்ச் 31 முதல் முழுமையாகக் கட்டாயமாகிவிட்டன. முன்பெல்லாம் வாய்மொழி உறுதியோடு விட்டுவிட்ட வங்கிகள் கூட இப்போது ஏட்டில் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டோக்கன் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் சந்தையில் உலவுகின்றன. உங்களுக்கு வந்த குழப்பத்தில் பெரும்பகுதி இதனால் வந்தது. முதலாவது, நெட்வொர்க் டோக்கன். இது, சிப் கார்டுகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இஎம்வி அமைப்பு 2014-இல் வகுத்த கட்டமைப்பின்படி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்றவை வழங்குவது. பார்வைக்குக் கார்டு எண்ணைப் போலவே இருக்கும், ஆனால் குறிப்பிட்ட ஒரு கைபேசியில் அல்லது குறிப்பிட்ட ஒரு வணிகரிடம் மட்டுமே செல்லும். இரண்டாவது, வணிகர்களுக்காக இணையவழிக் கட்டணங்களைப் பெற்றுத் தரும் பேமெண்ட் கேட்வே தன் வணிகர்களுக்குத் தருவது. மூன்றாவது, உங்களிடம் விற்க வந்திருப்பது: கார்டு எண்ணை ஒரு பெட்டகத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக உங்கள் கையில் ஒரு குறியீட்டைத் தரும் சேவை. ரிசர்வ் வங்கி பேசுவது முதல்வகையைப் பற்றி. 2021 செப்டம்பரில் அது வெளியிட்ட அறிவிப்பின்படி, கார்டை வெளியிட்ட நிறுவனமும் கார்டு நெட்வொர்க்கும் தவிர, பணப் பரிவர்த்தனைச் சங்கிலியிலுள்ள வேறு யாரும் வாடிக்கையாளரின் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்கக்கூடாது. இருமுறை நீட்டிக்கப்பட்டு 2022 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இணையக் கடைகள் கார்டு எண்களைக் குவித்து வைத்திருந்த வழக்கத்தை நிறுத்துவதே அதன் நோக்கம். அதை எடுத்துக்காட்டி, வெளியீட்டாளர் பக்கத்தில் நிற்கும் உங்களிடம் பெட்டகச் சேவையை விற்பது, நாகரிகமாகச் சொல்வதானால், விற்பனைப் பேச்சு.

இனி உங்கள் டேட்டாபேஸுக்கு வருகிறேன். என்கிரிப்ட் செய்த கார்டு எண்ணை விட எனக்கு அதிகக் கவலை தருவது அதன் அருகே வைத்திருக்கும் ஹேஷ். ஹேஷைத் திருப்ப முடியாது என்று உங்கள் டெவலப்பர் சொல்லியிருப்பார். பொதுவாக அது சரிதான், கார்டு எண் விஷயத்தில் சரியில்லை. உங்கள் கார்டுகள் யாவும் ஒரே வங்கியின் ஒரே திட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே 16 இலக்கங்களில் முதல் 8 எல்லாக் கார்டுகளுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளலாம். செயலியில் காட்டுவதற்காகக் கடைசி 4 இலக்கங்களையும் அதே பட்டியலில் தனியாக வைத்திருப்பீர்கள். தெரியாமல் எஞ்சுவது நடுவிலுள்ள 4 இலக்கங்கள், அதாவது 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் வாய்ப்புகள். கார்டு எண் லூன் என்ற சரிபார்ப்புக் கணக்குக்குப் பொருந்தியாக வேண்டும் என்பதால் அவற்றில் பத்தில் ஒன்பது கழிந்து, மிஞ்சுவது ஓர் ஆயிரம். அந்த ஆயிரத்துக்கும் ஷா-256 என்ற பொதுவான முறையில் ஹேஷ் போட்டு, உங்கள் பட்டியலில் உள்ளதோடு ஒப்பிட்டால் ஒன்று பொருந்தும். அதுதான் கார்டு எண். 4,000 கார்டுகளுக்கும் சேர்த்து 40 லட்சம் ஹேஷ்கள். ஒரு சாதாரண லேப்டாப்புக்கே அது சில நொடி வேலை. என்கிரிப்ஷனை யாரும் தொடவே தேவையில்லை. இதனால்தான் தற்போதைய பதிப்பு, கார்டு எண்ணை மறைக்க ஹேஷைப் பயன்படுத்தினால் அது ரகசியச் சாவியோடு கூடியதாக, எச்மேக் போன்றதாக, இருக்க வேண்டும் என்றும், அந்தச் சாவிக்கும் முறையான பராமரிப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. அதே பட்டியலில் சேமித்த 'சால்ட்' (ஹேஷ் போடும் முன் எண்ணோடு சேர்க்கும் கூடுதல் எழுத்துகள்) இதற்கு ஈடாகாது. டேட்டாபேஸைத் திருடியவர் கைக்கு அதுவும் சேர்ந்தே போகும்.

ஹேஷுக்குச் சாவி சேர்ப்பதை விட, டேட்டாபேஸில் ஹேஷ் உள்ள அந்தப் பத்தியையே (column) எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்களுக்குக் கார்டு எண்ணைக் கொண்டு தேட வேண்டிய அவசியம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் உறையின் மேல் அச்சிட்ட கிட் எண் ஒன்று இருக்கும். எந்த ஊழியருக்கு எந்தக் கார்டு என்று இணைப்பதற்கும், தொலைந்த கார்டை முடக்குவதற்கும், பணம் ஏற்றுவதற்கும் அது போதும். கிட் எண்ணை வைத்துக் கடையில் யாரும் ஒரு டீ கூட வாங்க முடியாது. அதுவே நீங்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும், காசு கொடுக்காமல் கிடைத்த டோக்கன். மில்லின் மனிதவள அலுவலர் அனுப்பும் எக்செல் பட்டியலில் ஊழியர் பெயருக்கு எதிரே கிட் எண் மட்டும் இருக்குமாறு முதல் வாரத்திலேயே மாற்றிவிடலாம். கார்டை முன்னும் பின்னும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "சார், இந்தக் கார்டு வேலை செய்யவில்லை" என்று கேட்கும் பழக்கம் உங்கள் குழுவிலும் இருந்தால், அதை நிறுத்துவது எந்த மென்பொருளை வாங்குவதையும் விட அவசரமானது.

சிவிவி பற்றி: கடைகளும் கேட்வேக்களும் பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்த பிறகு சிவிவியை என்கிரிப்ட் செய்தும் கூட வைத்திருக்கக்கூடாது. கார்டு வெளியிடுவோருக்கும் அவர்களுக்குத் துணை நிற்கும் நிறுவனங்களுக்கும், நியாயமான வணிகத் தேவை இருந்தால், வலுவான குறியாக்கத்தோடு ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டி உங்கள் தரப்பில் யாராவது வாதிடக்கூடும். சிவிவியைச் சரிபார்ப்பது வங்கியின் செயலாக்க நிறுவனம், அதாவது வங்கிக்காகக் கார்டு பரிவர்த்தனைகளைக் கையாளும் நிறுவனம். உங்கள் சர்வர் அதை எதற்கும் பயன்படுத்துவதில்லை. எனவே தேவை என்று எழுதிக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. கார்டை உருவாக்கும் ஏபிஐ திருப்பித் தந்தது என்பதற்காகச் சேமித்து வைத்தது போலத் தெரிகிறது. அழித்துவிடுங்கள்.

அழிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கார்டு விவரம் உங்களிடம் வருவதை நிறுத்த வேண்டும்: செயலியில் "கார்டு விவரம் காட்டு" என்பதைத் தொட்டதும், எண்ணும் சிவிவியும் செயலாக்க நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேராக வாடிக்கையாளரின் கைபேசித் திரைக்குச் செல்ல வேண்டும், உங்கள் சர்வர் தருவது ஒருமுறை மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டாக இருந்தால் போதும். இதற்காகச் செயலியில் சேர்க்கும் ஆயத்த மென்பொருள் (எஸ்டிகே) அல்லது செயலிக்குள் திறக்கும் இணையப் பக்கம் (வெப்வியூ) பெரும்பாலான செயலாக்க நிறுவனங்களிடம் உண்டு. வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பரிவர்த்தனை அறிவிப்புகளிலும் முழு எண்ணுக்குப் பதில் கிட் எண்ணும் கடைசி 4 இலக்கங்களும் மட்டும் வரச் சொல்லுங்கள். கார்டு அச்சிடும் கோப்பு, கோப்புகளை அனுப்ப நீங்கள் வைத்திருக்கும் எஸ்எஃப்டிபி சர்வர் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். அது செயலாக்க நிறுவனத்திடமிருந்து அச்சகத்துக்கே நேராகப் போக வேண்டும்.

அதன் பிறகுதான், ஏற்கெனவே தங்கிவிட்ட கார்டு எண்களுக்கான தேடல். டேட்டாபேஸில் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடங்களில்தான் சிக்கல் வரும். ஏபிஐ அழைப்பை அப்படியே பதிந்து வைக்கும் லாக் கோப்புகள், பிழை வந்தபோது யாரோ இறக்கிய டேட்டாபேஸ் நகல், டெஸ்ட் சர்வர், டெவலப்பரின் லேப்டாப், புகார் மின்னஞ்சல்கள், பழைய பேக்கப் ஆகிய எல்லாவற்றிலும் தேட வேண்டும். 16 இலக்கம், லூன் கணக்குக்குப் பொருந்துவது என்று மட்டும் தேடினால், பத்தில் ஒரு குறிப்பு எண் தற்செயலாகப் பொருந்தித் தொல்லை தரும். உங்களுக்கோ திட்டத்தின் முதல் 8 இலக்கங்கள் தெரியும் என்பதால் அவற்றைச் சேர்த்துத் தேடினால் பொய்யான விடைகள் ஏறக்குறைய மறைந்துவிடும். இந்தத் தேடலின் முடிவைத் தேதியோடு ஆவணமாக்கி வையுங்கள். வரம்பு என்ன என்பதைச் சேவை வழங்குநர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும் என்பதால், அடுத்த முறைக்கும் அது அடித்தளமாகும்.

இவ்வளவும் செய்த பிறகு பெட்டகச் சேவை வேண்டுமா? எனக்கு ஐயம்தான். கார்டு எண்ணே உங்களிடம் வராத நிலையில் அதை மாற்றித் தர ஒரு சேவையும் தேவைப்படாது. உங்கள் திட்டத்தில் முழு எண் தேவைப்படும் ஒரு பணி உண்மையிலேயே இருந்தால், அப்போது அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சில. அவர்களுடைய இணக்கச் சான்றுரை எந்தத் தேதியது. உங்களுக்கு விற்கும் அதே சேவை அதில் பெயரோடு இருக்கிறதா. எந்த விதி அவர்கள் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு என்ற பட்டியலைத் தருவார்களா. டோக்கன் கார்டு எண்ணோடு தொடர்பின்றி ரேண்டமாக உருவாக்கப்படுகிறதா, அல்லது கார்டு எண்ணையே சாவி போட்டு மாற்றியதா, அப்படியானால் சாவி யாரிடம். சாவி உங்களிடம் இருந்தால் அது பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்த கதை. தணிக்கையாளர் அதை என்கிரிப்ட் செய்த கார்டு எண்ணாகத்தான் கணக்கிடுவார். பெட்டகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பணப் பரிவர்த்தனைத் தரவுகள் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு, வங்கிக்காக வேலை செய்யும் மூன்றாம் தரப்பினரையும் தொடுகிறது. பளபளப்பான முத்திரையோடு "பிசிஐ சான்றிதழ்" என்று ஒரு தாளை நீட்டினால் ஏற்க வேண்டாம். பிசிஐ மன்றம் அத்தகைய சான்றிதழ்களை ஆதாரமாக அங்கீகரிப்பதில்லை, இணக்கச் சான்றுரையும் தணிக்கை அறிக்கையும் மட்டுமே செல்லும்.

டோக்கனால் தீராத ஆபத்து ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் ப்ரீபெய்டு திட்டங்களுக்கு அதுதான் பெரியது. 2013 பிப்ரவரியில் ஓமன் நாட்டின் பேங்க் மஸ்கட் வெளியிட்ட ப்ரீபெய்டு கார்டுகள் மீது நடந்த தாக்குதலில், செயலாக்க நிறுவனத்தின் கணினிக்குள் நுழைந்தவர்கள் சுமார் ஒரு டஜன் கணக்குகளின் பணமெடுக்கும் வரம்பை நீக்கினார்கள். பிறகு 24 நாடுகளில் அவர்களுடைய ஆட்கள் போலி கார்டுகளோடு ஏடிஎம்களுக்குச் சென்று, ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் சுமார் 36,000 முறை பணமெடுத்து, 4 கோடி டாலரைக் கொண்டுபோனார்கள். லட்சக்கணக்கான கார்டு எண்கள் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. உங்கள் சர்வரில் இருக்கும் ஏபிஐ சாவியால் பணம் ஏற்றவும், வரம்பை உயர்த்தவும், முடக்கிய கார்டைத் திறக்கவும், கார்டு விவரம் காட்டும் அனுமதிச் சீட்டைப் பெறவும் முடியும் என்றால், திருடனுக்கு அந்தச் சாவி போதும். அது மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் கோடு ரெபாசிட்டரியில் இருக்கக்கூடாது. குறிப்பிட்ட ஐபி முகவரிகளிலிருந்து மட்டும் செல்ல வேண்டும். வரம்பு உயர்த்துவதற்கு இரண்டாவது நபரின் ஒப்புதல் வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கார்டுகளின் விவரம் கேட்கப்பட்டது என்பதற்கு எச்சரிக்கை மணி வேண்டும். இவற்றில் சில பிசிஐ பட்டியலில் நேரடியாக இல்லை. இருந்தாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் தணிக்கைக்கு முன்பே இவற்றைச் செய்திருப்பேன்.

உங்கள் கார்டுகளைக் கைபேசியில் சேர்த்து 'டேப்' செய்து செலுத்தும் வசதியை வங்கி திறந்தால், நெட்வொர்க் டோக்கன் உங்கள் வாசலுக்கும் வரும். அதற்கு வாடிக்கையாளர் சேவைக் குழுவை முன்கூட்டியே தயார்செய்யுங்கள். கடை ரசீதில் அச்சாவது டோக்கனின் கடைசி 4 இலக்கங்களாக இருக்கக்கூடும். கையிலுள்ள கார்டின் இலக்கங்களோடு அவை பொருந்தாது. "இது என் கார்டே இல்லை" என்று ஊழியர் தொலைபேசியில் பதறும்போது, உங்கள் பிரதிநிதி அதை மோசடி என்று பதிந்து கார்டை முடக்காமல், தேதியையும் தொகையையும் கொண்டு தேடக் கற்றிருக்க வேண்டும். மோசடிக்காரர்கள் குறிவைப்பது டோக்கனை அல்ல. கைபேசியில் கார்டைச் சேர்க்கும் அந்த ஒரு கணத்தை. அப்போது வரும் ஓடிபியை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை, குறுஞ்செய்தியில் நல்ல தமிழில், இந்தி பேசும் தொழிலாளர்களுக்கு இந்தியில், போக வேண்டும்.

கிரெடிட் கார்டு திட்டத்தில் விதி இன்னும் இறுக்கமானது. ரிசர்வ் வங்கி 2024 மார்ச்சில் திருத்திய கார்டு வெளியீட்டு வழிகாட்டுதல்களின்படி, இணைப் பெயரில் கார்டு தரும் பங்குதாரர், வாடிக்கையாளரின் பரிவர்த்தனை விவரங்களைத் தன் செயலியில் காட்டலாம். ஆனால் அவை வங்கியின் கணினியிலிருந்து என்கிரிப்ட் ஆகி நேராக வந்து, கார்டுதாரருக்கு மட்டுமே தெரிய வேண்டும். பங்குதாரர் அவற்றைப் பார்க்கவும் கூடாது, சேமிக்கவும் கூடாது. மேலே சொன்ன செயலி மாற்றத்தை இப்போதே செய்தால், அடுத்த ஆண்டு அதே வழியில் இதற்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். ப்ரீபெய்டு பரிவர்த்தனைகளை வைத்து இலவசச் சலுகை, செலவு ஆய்வு என்று நீங்கள் கட்டியிருக்கும் அறிக்கைகளைக் கிரெடிட் கார்டுக்கும் நீட்டிக்கலாம் என்ற திட்டம் இருந்தால், அதைக் கைவிட வேண்டியிருக்கும்.

ஐஎஸ்ஓ 27001 வீண்போகாது. கொள்கை ஆவணங்கள், ஆபத்து மதிப்பீடு, பணியாளர் பயிற்சி ஆகியவை அப்படியே கைகொடுக்கும். ஆனால் எந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை அங்கே நீங்களே ஆபத்தை எடைபோட்டுத் தீர்மானிக்கிறீர்கள்; பிசிஐ அந்தச் சுதந்திரத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. கார்டு தரவு உள்ள சூழலுக்குள் நுழையும் எல்லோருக்கும் பன்மடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது), மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் வெளிப்புற ஸ்கேன், ஓராண்டு லாக் சேமிப்பு என்று எண்ணிக்கையோடு கேட்கும். ஆகவே வங்கி அதை மாற்றாக ஏற்காது.

எந்த வகைச் சான்றுரை என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. விசாவின் முறைப்படி, ஆண்டுக்கு 3 லட்சம் பரிவர்த்தனைகளுக்கு மேல் கையாளும் சேவை வழங்குநர் முதல் நிலை. அவருக்குத் தகுதிபெற்ற க்யூஎஸ்ஏ தணிக்கையாளரின் நேரடித் தணிக்கை வேண்டும். அதற்குக் கீழே என்றால் சேவை வழங்குநருக்கான எஸ்ஏக்யூ-டி என்ற சுயமதிப்பீட்டுப் படிவம். 4,000 கார்டுகள், மாதம் எட்டு முறை செலவு என்று வைத்தாலே ஆண்டுக்கு 3,84,000 ஆகிறது. எனவே இன்றுள்ள நிலையில் நீங்கள் முதல் நிலைக்குள் வரக்கூடும். கார்டு எண் உங்கள் சர்வரைக் கடக்காமல் செய்த பிறகு கணக்கே மாறும். அதனால்தான் தணிக்கையாளரை அமர்த்துவதற்கு முன் அந்த மாற்றத்தை முடிக்கச் சொல்கிறேன். இன்றைய வடிவத்தைத் தணிக்கை செய்து சான்று வாங்கி, ஆறு மாதத்தில் அதைக் கலைப்பது பணத்துக்குக் கேடு.

வங்கிக்கு இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்கள் கணினிகளில் கார்டு எண் எங்கெல்லாம் பாய்கிறது என்ற வரைபடத்தை இணைத்து, எந்தப் பாய்வுகளை எந்தத் தேதிக்குள் நிறுத்துவீர்கள் என்றும், அதற்குச் செயலாக்க நிறுவனத்திடமிருந்து என்ன உதவி வேண்டும் என்றும், நிறுத்திய பின் எஞ்சும் வரம்புக்கு எந்த வகைச் சான்றுரையை ஏற்பார்கள் என்றும் கேளுங்கள். சிவிவி சேமிப்பில் இருந்ததை மறைக்க வேண்டாம். அழித்த தேதியோடு நீங்களே தெரிவிப்பது, தணிக்கையில் பழைய பேக்கப்பிலிருந்து அது வெளிவருவதை விட நல்லது. தேடலின்போது கார்டு எண்கள் வெளியாருக்குப் போனதற்கான தடயம் ஏதாவது தென்பட்டால் மட்டும் இந்த வரிசையை எல்லாம் விட்டுவிடுங்கள்: அன்றே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு, கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும், அந்த சர்வரில் எதையும் அழிக்கவும் கூடாது.